நான் துடைப்பம் போட்ட காடு

1991-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் இருக்கிற காப்புக்காட்டில் நான் வாட்சராக இருந்தேன். தற்காலிக வாட்சர். இன்றைக்கு அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அன்றைக்கு ஒரு பஸ் போனால், அடுத்த பஸ் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

காடு என்றதும் அருவி, யானை என்று நினைக்க வேண்டாம். காரை, சூரை, களாக்காய் என்று ஆள் உயரத்துக்கு முள். நடுவே உசிலை, நுணா, வெப்பாலை மரங்கள். விறகு வெட்டுகிறவர்களையும் ஆடு மேய்க்கிறவர்களையும் விரட்டுவதுதான் என் வேலை. எல்லோரும் பக்கத்து ஊர் ஆட்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். விரட்டினால் அவர்கள் திட்டுவார்கள், விட்டால் ரேஞ்சர் திட்டுவார். இப்படி ஏழு வருஷம் போயிருந்தது. நிரந்தரம் ஆக்குகிறோம், நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லியே அந்த ஏழு வருஷத்தையும் ஓட்டிவிட்டார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அந்தக் காட்டுக்கு ஆராய்ச்சி செய்ய ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும், முப்பது முப்பத்திரண்டு. மெட்ராஸில் ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, பஸ் பிடித்து, மீதியை நடந்து வருவார். சுடிதாருக்கு மேல் ஆம்பிளை முழுக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. முதல் நாளே என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். "நான் இன்னா மேடம், பருப்பா நிறுக்கிறேன்?" என்று கேட்டேன். சிரித்தார். ஆனால் கடைசி வரை அண்ணாச்சிதான்.

பருப்பு நிறுப்பதைப் போல அவர்தான் இலை நிறுத்தார். காட்டுக்குள் ஒரு இடத்தில் நாலு மூலைக்கும் முளை அடித்து, நைலான் கயிறு கட்டினார். ஒரு கல்யாணப் பந்தல் அளவு இடம். அதற்குள் முட்டி உயரத்துக்குக் கால் வைத்த மரச்சட்டங்களில் கொசுவலை கட்டி, விழுகிற இலையைப் பிடித்தார். தரையில் கிடக்கும் சருகைத் தொடவில்லை. அந்தச் சருகுக்கு அடியில் நைலான் வலையில் தைத்த சின்னச் சின்னப் பைகளைச் செருகினார். ஒவ்வொரு பையிலும் எடை போட்ட இலை, ஒரு அலுமினியத் தகட்டில் நம்பர். மாதா மாதம் சில பைகளை எடுத்துப் போய், இலை எவ்வளவு மக்கியிருக்கிறது என்று திரும்ப எடை போடுவார். மரத்துக்கு மரம் நெஞ்சு உயரத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டில் டேப்பைச் சுற்றி, மரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்ப்பார். அப்புறம் தகர டின்கள். டின்னை மண் மேல் கவிழ்த்து, உள்ளே கிண்ணத்தில் ஒரு மருந்து வைப்பார். சரியாக ஒரு நாள் கழித்து எடுப்பார். மண் விடுகிற மூச்சை அந்த மருந்து பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

இதெல்லாம் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். காற்றில் கரி இருக்கிறது என்றார். மரம் அதை எடுத்து இலையாகவும் கட்டையாகவும் வைத்துக்கொள்கிறது. இலை விழுந்து மக்கும்போது கொஞ்சம் கரி திரும்பக் காற்றுக்குப் போகிறது, கொஞ்சம் மண்ணில் தங்குகிறது. வெப்ப நாட்டுக் காடுகள் எவ்வளவு வாங்கி, எவ்வளவு விட்டு, எவ்வளவு மண்ணில் சேர்க்கின்றன என்று பலரும் பெரிய காடுகளில் பார்க்கிறார்கள், இந்த மாதிரி முட்காட்டை யாரும் பார்க்கவில்லை என்றார். இரண்டு வருஷம் விடாமல் எடுத்தால்தான் கணக்கு நிற்கும் என்றும் சொன்னார். எனக்குக் கரி என்றால் மூட்டம் போட்டு எடுக்கிற கரிதான் தெரியும். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி, "ரெண்டு வருஷம் இலையை எண்றதுக்கு ஒரு படிப்பா? நம்ம வூட்டுக்கு அனுப்பு, மாட்டுக் கொட்டாய்ல எண்றதுக்கு நெறைய கீது" என்றாள்.

அவர் எனக்குச் சொன்ன வேலை ஒன்றுதான். "இந்தக் கயித்துக்கு உள்ள யாரும் கை வைக்கக் கூடாது அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க." நானும் பார்த்துக்கொண்டேன். ஆடு வந்தால் கல்லால் அடித்தேன். விறகுக்கு வந்த என் மச்சினியையே அந்தப் பக்கம் விடவில்லை. அவள் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே நிறுத்திக் கேட்டார்கள். ஒயரும் டின்னும் மருந்து பாட்டிலுமாக வந்த அந்த அம்மாவை விடுவார்களா? ஒரு நாள் காலையில் ரோட்டிலேயே நிறுத்தி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் சைக்கிளில் ஓடிப்போய், இவர் எங்கள் காட்டில் வேலை செய்கிறவர்தான் என்று சொல்லி, ரேஞ்சருக்கு போன் போட வைத்து வெளியே கூட்டி வந்தேன். வெயிலில் நடந்து வரும்போது அவர் ஸ்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பத்து மணிக்கு டின்னை எடுத்திருக்கணும். மணி ஒண்ணு ஆயிட்டே" என்று மட்டும் சொன்னார். காட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு எதிரே நம்பர் எழுதாமல் ஒரு கோடு போட்டார். மூணு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் என்ன, ஒரு நம்பர் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். நோட்டை மூடிப் பையில் வைத்தார். களைத்துப்போயிருந்தார்.

புரட்டாசியில் இரண்டு வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வெள்ளிக்கிழமை வருகிறார், இந்த ஆராய்ச்சியைப் பார்க்கத்தான் வருகிறார், கூடவே நம் பெரிய அதிகாரியும் வருகிறார் என்றார். கயிறு கட்டின இடத்தைப் போய்ப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இன்னாய்யா இது, இப்படிக் குப்பையா கெடக்குது? வெள்ளைக்காரன் வந்து பாத்தா நம்ள இன்னா நெனைப்பான்? வெள்ளிக்கிழமை காத்தால நான் வரும்போது இடம் பளிச்சுனு இருக்கணும். உன் பேரு லிஸ்ட்ல கீது, ஞாபகம் வெச்சிக்கோ."

லிஸ்ட் என்றால் நிரந்தரம் ஆகிற லிஸ்ட். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷம் அதைத்தானே செய்தேன். பெருக்கு, கல்லுக்கு வெள்ளை அடி, மரத்துக்குச் சுண்ணாம்பு பூசி நடுவில் காவி வரி போடு, வழி நெடுக பிளீச்சிங் பவுடர் தூவு. மந்திரி வந்தாலும் இதுதான், கலெக்டர் வந்தாலும் இதுதான்.

அந்த அம்மாவுக்கு அந்த வாரம் காய்ச்சல். மெட்ராஸில் இருந்தார். அவரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவிக்குத்தான் தோன்றியது. தென்னந்துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியிலேயே நின்றாள்.

"யோவ், அந்தம்மா யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

"அது மத்தவனுக்கு. நான் வாட்சர்" என்றேன்.

புதன், வியாழன் இரண்டு நாள் வேலை. இரண்டு வருஷச் சருகு. மேலே காய்ந்தது, கீழே ஈரம், அதற்கும் கீழே கறுப்பாக மாவு மாதிரி. எல்லாவற்றையும் வழித்தோம். செம்மண் தெரிகிற வரைக்கும் பெருக்கினோம். காய்ந்ததைச் சாக்கில் அடைத்து, அடுப்புக்கு ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துப் போனோம். அடியிலிருந்து நைலான் பைகள் கையில் வந்தன, மண்ணும் பூஞ்சையுமாக. இதைப் போய் வெள்ளைக்காரனுக்கு எப்படிக் காட்டுவது? உள்ளே இருந்த மக்கல் இலையை உதறிக் கொட்டிவிட்டு, பம்புசெட்டில் சோப்புப் போட்டு அலசி, சூரைச் செடி மேல் துணி மாதிரி காயப் போட்டாள் என் மனைவி. நம்பர் தகடு எதுவும் தொலையவில்லை. அதைப் புளி போட்டுத் தேய்த்தாள், மின்னியது. மரத்துக்கெல்லாம் நான் நெஞ்சு உயரம் வரை சுண்ணாம்பு அடித்தேன். மஞ்சள் கோடு அசிங்கமாக இருந்தது, அதன் மேலேயே காவி வரி இழுத்தேன். கடைசியாக நாலு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் கோடு.

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அக்கறையாக நான் எந்த மந்திரிக்கும் வேலை செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மற்றவர்களுக்கு முன்னாலேயே அந்த அம்மா வந்துவிட்டார். காய்ச்சல் விட்டும் விடாத முகம். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன், நடை மெதுவாகிவிட்டது. கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றார். காயப் போட்ட பைகளைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். செம்மண்ணை உள்ளங்கையால் தடவினார்.

"எல எங்க அண்ணாச்சி?"

"வூட்டுக்கு எடுத்துனு போயிட்டோம் மேடம்."

"அத அப்படியே கொண்டு வாங்க. எடை போட்டாவது வச்சிக்கிடுதேன்."

"இல்ல மேடம். அடுப்புல போயிடுச்சி. வெந்நீர் போட்டோம்."

அவருக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுவிட்டது. எத்தனை சாக்கு என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். செடி மேல் இருந்து ஒரு பையை எடுத்து, தகட்டைத் திருப்பி நம்பரைப் படித்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் படித்தார். பிறகு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் வந்தது.

"இன்னா மேடம், குப்பையைப் பெருக்கினது ஒரு தப்பா? ரேஞ்சர் சொன்னாரு, செஞ்சேன். ரெண்டு நாளா எங்க முதுகு ஒடிஞ்சி கீது. ஒரு வார்த்தை நல்லா கீதுன்னு சொல்லக்கூடாதா?"

"நான் ரெண்டு வருஷமா எண்ணினது அந்தக் குப்பையத்தான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டின், வலை, மருந்து இவைதான் ஆராய்ச்சி என்று நான் நினைத்திருந்தேன். கீழே கிடந்த சருகு வெறும் சருகு என்று நினைத்திருந்தேன். அந்தக் கயிற்றைக் கட்டினதே அந்தச் சருகுக்காக. ஆட்டையும் மச்சினியையும் விரட்டி அடித்த நானே உள்ளே போய் எல்லாவற்றையும் வழித்து அடுப்பில் வைத்துவிட்டேன். சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் விழுந்த மண்ணில் இனிமேல் மூச்சுக் கணக்கும் எடுக்க முடியாது என்று பிறகு தெரிந்தது. மரத்தில் பழைய கோடு எங்கே இருந்தது என்றும் தெரியாது.

ஜீப்கள் வந்தன. பெரிய அதிகாரி இறங்கி, இடத்தைப் பார்த்து, பிரமாதம் என்றார். யார் செய்தது என்று கேட்டார். ரேஞ்சர் என்னை முன்னால் தள்ளினார். அதிகாரி என் தோளைத் தட்டினார். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தட்டு. எனக்கு உடம்பு கூசியது. வெளிநாட்டுப் பேராசிரியர் மட்டும் தட்டவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார், காயப் போட்ட பைகளைப் பார்த்தார், அந்த அம்மாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவர் நாலைந்து வார்த்தையில் பதில் சொன்னார். என் பக்கம் கையைக் காட்டிவிடுவார் என்று காத்திருந்தேன். காட்டவில்லை.

அந்த அம்மா என்ன சொன்னார் என்று மறுநாள் ரேஞ்சரிடம் கேட்டேன். காவல் காக்கிறவர்களுக்குத் தான் சரியாக விளக்கிச் சொல்லவில்லை, தப்பு தன்னுடையது என்று சொன்னாராம். அதைக் கேட்டதும் மறுபடியும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் தப்பை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவர் யார்? திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

அடுத்த வாரம் அவர் சாமான்களை எடுக்க வந்தார். நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். இரண்டு மாதம்தானே பாக்கி, போன வருஷம் அதே மாதத்தில் என்ன வந்ததோ அதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டுவிடுங்கள், நானும் என் மனைவியும் வாயைத் திறக்க மாட்டோம் என்றேன். கல்லூரியில் தனக்கு வழிகாட்டுகிற கைடும் சுற்றி வளைத்து அதையேதான் சொன்னார் என்றார்.

"போடலாம் அண்ணாச்சி. யாருக்கும் தெரியாது. ஆனா நான் எழுதுறத நம்பி எங்கேயோ ஒருத்தர் அதுக்கு மேல கணக்குப் போடுவாவ. அவங்க இங்க வந்து பாக்கவா போறாவ? என்னையத்தானே நம்பணும்."

அவ்வளவுதான் சொன்னார். தள்ளி இன்னொரு இடத்தில் நாலு முளை அடித்தார். இன்னொரு இரண்டு வருஷம், முதலிலிருந்து. உதவித்தொகை முடிந்துவிட்டது. ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தார். வீட்டில் கல்யாணத்துக்குப் பார்த்த வரன் ஒன்று இதனால் தள்ளிப்போய், பிறகு போயே போய்விட்டது என்று என் மனைவியிடம் சொன்னாராம். அதை அவள் என்னிடம் சொன்ன நாளில் நான் சாப்பிடவில்லை.

அவர் வர முடியாத வாரங்களில் வலையிலிருந்து இலையை எடுத்து நம்பர் போட்ட துணிப்பையில் கட்டி வைப்பதை நான் செய்தேன். புதுப் பைகளை என் மனைவிதான் தைத்தாள். கயிற்றுக்குள் போகும்போது அவள் கல்லுக்குக் கல் தாவித்தான் போவாள். ஒரு சருகு நொறுங்கினாலும் என்னைத்தான் முறைப்பாள். இரண்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் அந்தச் சைக்கிளை மிதித்தேன். அலுப்பான வேலை. பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரு நாள் எனக்கு ஜுரம் வந்து போக முடியவில்லை. அடுத்த நாள் போய், நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே நானே ஒரு கோடு போட்டேன். அவர் அதைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தார்.

அந்த நிரந்தர லிஸ்டில் என் பேர் வரவில்லை. தோளைத் தட்டிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். சில வருஷம் கழித்து நானும் வேலையை விட்டேன். அதற்குள் கம்பெனிகள் வர ஆரம்பித்துவிட்டன. அப்போது ஒரு நாள் தபாலில் தடியாக ஒரு புத்தகம் வந்தது. அவருடைய ஆராய்ச்சிப் புத்தகம். எல்லாம் இங்கிலீஷ். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பாதி அவளுக்கும் புரியவில்லை.

ஒரு பக்கத்தில் பெரிய அட்டவணை இருந்தது. அது எனக்கே புரிந்தது. முதல் இடத்துக்கு ஒரு வரிசை. மேலிருந்து கீழே நம்பராக வந்து, 1991 ஆகஸ்ட்டோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே கடைசி வரைக்கும் வெறும் கோடு, கோடு, கோடு. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. மகள் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னாள்: பார்வையாளர் வருகைக்காக இந்த இடம் சுத்தம் செய்யப்பட்டது. அவ்வளவுதான். யார் செய்தது என்று இல்லை. பிறகு அவள் முதல் பக்கத்துக்கு வந்தாள். நன்றி சொல்கிற பக்கம். அங்கே என் பேரும் என் மனைவி பேரும் முழுசாக, இன்ஷியலோடு அச்சாகியிருந்தன.

இப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது என்றால் இரண்டு நாளைக்கு முன்பே எல்லோரும் துடைப்பமும் பெயின்டுமாக ஓடுகிறார்கள். எழுதாமல் விட்ட ரிஜிஸ்டர்களை ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள். என் கேட் ரிஜிஸ்டரிலும் சில நாள் நான் டாய்லெட் போன நேரத்தில் வண்டி போயிருக்கும். "சும்மா ஒரு டைம் போடுய்யா, ஆடிட்ல கேப்பான்" என்று சூப்பர்வைசர் கத்துவார். நான் கோடு போட்டு வைப்பேன். இதற்காக இரண்டு தடவை மெமோ வாங்கியிருக்கிறேன்.

என் தப்புக்கு என் பேரைப் போடாமல் கோடு மட்டும் போட்ட அந்த அம்மாவை நினைத்தால், தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத இன்றைக்கும் என் கை வருவதில்லை.